ஊசிக்குளம் விலக்கில் நிற்காத பஸ்

எங்கள் டவுன் பஸ்ஸில் காலையில் ஜன்னல் சீட்டு பிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சார். பஸ் கிளம்புகிற ஊரில் பிறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் மேலப்பனையூரில் பிறந்தேன். அதனால் மூன்று வருஷமாக இடது பக்கம், முன்வாசலுக்கு அடுத்த சீட்டு, ஜன்னலோரம், என்னுடையது. யாரும் பட்டா போட்டுத் தரவில்லை. ஆனால் வெளியூர்க்காரர் யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் பூக்கூடை இராமலட்சுமி அக்காவே, "அது உமா சீட்டுல்லா, எந்திரிங்க" என்று எழுப்பி விடுவாள்.

சீட்டு கிடைத்தவளுக்கு என்ன குறை என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்திருப்பவளின் மடி நிற்கிறவர்களுக்குச் சொந்தம். பாவூர்சத்திரம் வருவதற்குள் என் மடியில் ஆறேழு பேக் ஏறிவிடும். அதற்கு மேலே யாருடையதோ சாப்பாட்டுத் தூக்கு. எவள் வீட்டுச் சாம்பாரோ என் சுடிதாரில் வழியும். தென்காசியில் இறங்கி, குற்றாலம் பஸ்ஸுக்கு மாறி, காலேஜ் கேட்டுக்குள் நுழையும்போது என்மேல் நாலு வீட்டுக் குழம்பு மணக்கும். நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள், விசாரிப்பதற்குத்தானே உங்களை இந்த டெப்போவில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் மாதம் அந்த வெள்ளிக்கிழமை காலையில் கண்டக்டர் சுடலைமணி ஊசிக்குளம் விலக்கில் பஸ்ஸை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் அந்த பஸ் தினமும் எப்படி நின்றது என்பதைக் கேட்காமல் எழுதினால் தப்பாகத்தான் எழுதுவீர்கள்.

ஊசிக்குளம் ரோட்டில் இல்லை. ரோட்டிலிருந்து பாதை பிரிகிற இடத்தில் ஒரு வேப்பமரமும் துருப்பிடித்த போர்டும் இருக்கும், அதுதான் விலக்கு. ஊர் அங்கிருந்து குளத்தங்கரை வழியாக உள்ளே போக வேண்டும். விலக்கில் ஆள் நின்றால் பஸ் நிற்கும், நிற்காவிட்டால் போய்விடும். இது உங்கள் சட்டம், அதில் தப்பு சொல்ல மாட்டேன். என்னோடு கெமிஸ்ட்ரி படித்த சத்யபிரியா அந்த ஊர்க்காரி. அவள் ஒரு நாளாவது பஸ் வரும் நேரத்தில் விலக்கில் நின்றாள் என்று யாராவது சொன்னால் நான் என் காதை அறுத்துக்கொள்கிறேன். எந்நேரமும் குளத்தங்கரையில்தான் இருப்பாள். ஒரு கையில் பேக், ஒரு கையில் செருப்பு, ஈரத்தலை காற்றில் பறக்க, ஓட்டமும் நடையுமாக வருவாள். கரை முழுவதும் தெரிகிற ஜன்னல் என்னுடையது ஒன்றுதான். நான் திரும்பி, "அண்ணாச்சி, அந்தா பிரியா வருதா, நிப்பாட்டுங்க" என்பேன். சுடலைமணி அண்ணாச்சி ஒரு விசில் கொடுப்பார். டிரைவர் இத்ரீஸ் பாய் பிரேக்கை மிதித்துவிட்டு, ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு காத்திருப்பார்.

அவள் படியில் கால் வைத்ததும் பஸ்ஸே சிரிக்கும். "மகாராணி எழுந்தருளியாச்சா, வண்டி போலாமா?" என்பார் இத்ரீஸ் பாய். "கோச்சுக்கிடாதீங்க பாய், அம்மா இட்லி அவிக்க லேட்டாயிட்டு" என்று அவள் பல்லைக் காட்டுவாள். பேக்கை என் மடியில் போடுவாள். இராமலட்சுமி அக்கா கூடையிலிருந்து கொஞ்சம் பிச்சிப்பூவைக் கிள்ளி அவள் தலையில் வைப்பாள். "பிரியான்னா பஸ்ஸே நிக்கும்" என்று ஊருக்குள் ஒரு பேச்சே உண்டு. பிரியாவுக்காக நின்றதாம். யார் சொல்லி நின்றது என்று ஒரு ஈ, காக்கை கேட்டதில்லை.

அவள் கெட்டவள் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த இட்லியில் நாலு எனக்கும் வரும். எனக்கு மண்டையில் ஏறாத பாடத்தை பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்லித் தருவாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஜன்னல் கண்ணாடித் தூசியில் பென்சீன் வளையம் போட்டுக் காட்டுவாள். நான் பாஸானதில் அவள் பங்கு உண்டு, மறைக்கவில்லை. அவள் அட்டெண்டன்ஸ் குறையாமல் இருந்ததில் என் பங்கு உண்டு. அதை அவள் சொன்னாளா? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். வயிறு அவளுடையது. வாய் என்னுடையது. மூன்று வருஷம் அவளுக்காக என் வாயைச் செலவழித்தேன்.

மார்கழியில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அப்போது குற்றாலம் ரோடு முழுக்க சபரிமலைக்குப் போகிற வேன்கள். சாமிமார் அருவியில் குளித்துவிட்டு நடுரோட்டிலேயே துண்டு பிழிவார்கள். அன்று லேப் ரெக்கார்டில் ஆனந்தவள்ளி மேடத்திடம் கையெழுத்து வாங்க நான் பின்தங்கினேன். என் ரெக்கார்டு மட்டும் இல்லை, பிரியாவுடையதும் என்னிடம்தான் இருந்தது. அவள் எங்கள் ஊர் பஸ்ஸில் இடம் பிடிக்கிறேன் என்று முன்னால் போய்விட்டாள். நான் வந்த பஸ் வேன்களுக்கு நடுவில் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓடுகிறேன், எங்கள் பஸ் வாசலைத் தாண்டித் திரும்புகிறது. பின் ஜன்னலில் பிரியா. என்னைப் பார்த்தாள். கையைக்கூட ஆட்டினாள். பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ் எப்போது என்று உங்களுக்கே தெரியும். போனில் சார்ஜ் இல்லை. நான் மேலப்பனையூரில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. அப்பா ஸ்டாப்பில் நின்றார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற கை. ஒரே அடிதான். ஆனால் டீக்கடை முழுக்கப் பார்த்தது. "படிச்சுக் கிழிச்சது போதும், நாளையிலேர்ந்து பீடி சுத்து" என்றார். அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துதான் அவர் மனசை மாற்றினாள். அந்த இரண்டு நாளும் நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீடி இலை வெட்டினேன். இலை வெட்டிக்கொண்டே யோசித்தேன்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னேன்ட்டி. அண்ணாச்சி கேக்கல்லட்டி" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். சரி என்றேன். சொல்வதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பேக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு மறுநாள் ஊசிக்குளத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அப்பா முத்துச்செல்வம் மாமா பட்டாளத்தில் இருந்து வந்தவர். சோறு பரிமாறுவதைக்கூட கவாத்து மாதிரி செய்கிற மனிதர். பிரியாவுக்குத் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்ஸி. படிக்க ஆசை. அதைப் பற்றித்தான் அன்று பேச்சு.

"படி, வேண்டாங்கல்ல" என்றார் மாமா. "ஆனா ஒரு அரியர் வந்துச்சுன்னு வையி, அன்னைக்கே படிப்பு குளோஸ். எங்க அக்கா மவன் குற்றாலீஸ்வரனுக்குப் போலீஸ்ல வேலை ஆயிட்டு. அக்கா வீட்டுல பொண்ணு கேட்டு நடையா நடக்குதாவ. வைகாசியில முடிச்சிருவேன். உமா, நீ சாட்சி."

"நான் என்னைக்குப்பா அரியர் வச்சேன்?" என்று பிரியா சிரித்தாள். அவளுக்கு அந்த குற்றாலீஸ்வரனைப் பிடிக்காது. சின்ன வயசிலிருந்தே அவனைக் கண்டால் அடுக்களைக்குள் போய்விடுவாள். அது எனக்குத் தெரியும். நான் பாயசத்தைக் குடித்துவிட்டு, "நான் சாட்சி மாமா" என்றேன்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கடைசி செமஸ்டர் பிராக்டிகல். வெளியூர் காலேஜிலிருந்து எக்ஸ்டர்னல் வருவார். எங்கள் வகுப்பு சின்னது, ஒரே பேட்ச். அவர் உட்கார்ந்த பிறகு அரை மணி நேரம் பார்ப்பார்கள், அதற்கு மேல் கதவைச் சாத்திவிடுவார்கள். எங்கள் பஸ்ஸை விட்டால் அடுத்ததில் போய்ச் சேர வழியில்லை. பிரியாவின் அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு முந்தின நாளே சங்கரன்கோவில் போயிருந்தார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே சொன்னதுதான்.

நான் சீட்டில் உட்கார்ந்ததும் அவளிடமிருந்து வாட்ஸப் வந்தது. லேப் கோட்டை இஸ்திரி போடும்போது கரண்டு போய்விட்டது, கொஞ்சம் லேட்டாகும், பஸ்ஸை நிப்பாட்டி வை. நான் பதில் போட்டேன்: "சரிட்டி, மெதுவா வா, நான் பாத்துக்கிடுதேன்." எப்போதும் "ஓடியா" என்றுதான் போடுவேன். அன்று மெதுவாக வரச் சொன்னேன். இதை நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

லீவு காலம். பஸ்ஸில் காலேஜ் பிள்ளைகள் யாரும் இல்லை. விலக்கு நெருங்கும்போது அண்ணாச்சியே என் பக்கம் குனிந்து கேட்டார்.

"என்ன பிள்ள, உன் கூட்டாளி எங்கன? கரையில வருதாளா?"

"அவ இல்ல அண்ணாச்சி. பரீட்சைன்னு அவங்க அப்பா பைக்குல அப்பவே கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"நல்லதாப் போச்சு. பாய், இன்னைக்கு மகாராணி ஏரோப்பிளேன்ல போயாச்சாம்" என்று சிரித்தார். இரண்டு விசில் கொடுத்தார். பஸ் வேகம் குறையாமல் வேப்பமரத்தைத் தாண்டியது.

அவள் கரையில்தான் வந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு மெதுவாகத்தான் வந்தாள், பாவம். பஸ் நிற்கவில்லை என்று தெரிந்ததும் ஓடினாள். லேப் கோட்டைக் கையில் தூக்கி ஆட்டினாள். கரைச் சரிவில் ஒரு செருப்பு கழன்றது, அதை எடுக்கத் திரும்பவில்லை. என் பின்னால் இருந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்தது நான் ஒருத்திதான். கழுத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, கண்ணை மூடவில்லை. வளைவு வரும் வரைக்கும் பார்த்தேன். பிறகு போன் அடித்தது. சைலண்டில் போட்டுப் பேக்கில் வைத்தேன்.

என் ஒரு பேக் மட்டும்தான் அன்றைக்கு மடியில் இருந்தது. லேசாக இருந்தது.

லேபில் ஆனந்தவள்ளி மேடம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிரியாதான் அவருக்கு முதல் பிள்ளை, யுனிவர்சிட்டி ரேங்க் வாங்குவாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். "ஏம்மா உமா, சத்யபிரியா எங்க? உன்கூடத்தானே வருவா?" என்று கேட்டார். வழியில் வருகிறாள் என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மையாகவும் இருந்திருக்கும். "அவளுக்குக் காய்ச்சல் மேடம். வரலன்னு சொல்லிட்டா" என்றேன். மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு எக்ஸ்டர்னலிடம் போய், ஆரம்பிக்கலாம் சார் என்றார்.

பால் வண்டியில் பாதி தூரம், யாரோ தெரிந்தவர் பைக்கில் பாதி தூரம் என்று பிரியா வந்து சேர்ந்தபோது நாங்கள் எல்லாம் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தோம். ஒரு காலில் செருப்பு இல்லை. எக்ஸ்டர்னல் பேப்பரைக் கட்டிவிட்டு வேறு காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மேடம் அவரிடம் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அவர் முடியாது என்றுவிட்டார், ஆப்சென்ட் என்று கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது. மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வழியில வர்றான்னு தெரிஞ்சிருந்தா எப்படியாவது அவரைப் பிடிச்சு வச்சிருப்பேனேம்மா" என்றார். எனக்குத் தெரியாது மேடம் என்றேன்.

காய்ச்சல் என்று நான் சொன்னது பிரியாவுக்கும் தெரிந்துபோயிற்று. கேட்டாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. "காய்ச்சல்னா மேடம் மனசு இளகி வேற நாள் கேட்டு வாங்குவாங்கன்னு நெனச்சுட்டேன்ட்டி." நம்பிவிட்டாள். பஸ் ஏன் நிற்கவில்லை என்று கேட்டாள்.

"சொன்னேன்ட்டி" என்றேன். "அண்ணாச்சி கேக்கல்லட்டி."

அவள் எனக்கு மார்கழியில் சொன்ன அதே வார்த்தை. ஒரு எழுத்து மாற்றவில்லை. அப்போதாவது அவளுக்குச் சுருக்கென்று தைக்கும் என்று பார்த்தேன். தைக்கவில்லை. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்" என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்படி ஒருத்தி இருந்தால் யார்தான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

இரண்டு நாள் கழித்து முத்துச்செல்வம் மாமா எங்கள் வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை, வாசலில் நின்றபடியே பேசினார்.

"உமா, நீ பொய் சொல்லுத பிள்ள இல்ல. நெசத்தச் சொல்லு. எவனாவது வேணும்னே செஞ்சு எம் பிள்ள பரீட்சைய எழுத விடாம ஆக்கியிருந்தா, நான் காலேஜுல போயி உக்காந்து, யுனிவர்சிட்டி வரைக்கும் போயி மறுபடி எழுத வைப்பேன். படிக்கவும் அனுப்புவேன். இல்ல, இவ சோம்பேறித்தனத்துலதான் போச்சுன்னா, அஞ்சு நிமிசம் முந்திக் கிளம்பத் தெரியாதவளுக்கு ஹாஸ்டல் என்னத்துக்கு? நான் சொன்ன சொல்லுதான்."

நான் யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றேன். "கண்டக்டர் நிப்பாட்டல்ல மாமா. ஆனா பிரியாவும் லேட்டுதான்" என்றேன்.

ஒரு தட்டில் இது, ஒரு தட்டில் அது. அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டார். கண்டக்டர் மேல் உங்களுக்குப் புகார் எழுதினார், மகளுக்குக் கல்யாணம் பேசினார். அவள் அழுதாளாம், சாப்பிடவில்லையாம். அவள் அம்மா என் அம்மா மாதிரி கிடந்து பார்த்தாளாம். பட்டாளத்து மனிதரிடம் அது பலிக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்.

எனக்கு வருத்தம் இல்லையா என்று கேட்க வாயெடுக்கிறீர்கள். இல்லை சார். நான் அவளைத் தள்ளிவிடவில்லை, அவள் பேக்கிலிருந்து ஒன்றையும் எடுக்கவில்லை. தினமும் கொடுத்ததை ஒரு நாள் கொடுக்கவில்லை. பிச்சைக்காரனுக்கு ஒரு நாள் போடாவிட்டால் போலீஸ் பிடிக்குமா? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லித்தானே எங்களை வளர்க்கிறார்கள். அவளுக்கு மூளை இருக்கிறது, அழகு இருக்கிறது, இட்லி அவித்துக் கொடுக்கிற அம்மா இருக்கிறாள், ரேங்க் வாங்குவாள் என்று சொல்ல மேடம் இருக்கிறார். அவள் கையைத் தூக்கினால் பூ வருகிறது. எனக்கு இருந்தது அந்த ஜன்னலும் அந்த வாயும்தான்.

சுடலைமணி அண்ணாச்சி உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை என்பது தெரியும். "நான் கவனிக்கல்ல, என் தப்புதான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து அதையும் அவரே சொன்னார். "நீ ஒண்ணும் வாயத் தொறக்காத பிள்ள. நீ யாரு சொன்னதையோ கேட்டுத் தெரியாம சொல்லியிருப்ப. படிக்குத பிள்ள பேரு எதுக்குக் கெடணும்? எனக்கு என்ன, ஒரு இன்கிரிமென்ட்ட வெட்டுவான், வெட்டிட்டுப் போறான்." என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. தெரியாமல் சொன்னேனாம். மூன்று வருஷமாக நான் நிறுத்திய பஸ்ஸை பிரியாவுக்காக நின்ற பஸ் என்றார்கள். இப்போது நான் நிறுத்தாமல் விட்ட பஸ்ஸை சுடலைமணி நிறுத்தாத பஸ் என்று எழுதப் பார்க்கிறீர்கள். எழுதாதீர்கள். அவர் ஒரு பாவமும் அறியாதவர். செய்தது நான், தெரிந்து செய்தேன்.

மார்கழியில் பிரியா செய்ததற்குப் பதிலாகத்தான் செய்தேன் என்று உங்கள் பேப்பரில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அதையும் திருத்திக்கொள்ளுங்கள், அரைகுறையாக இருக்க வேண்டாம். பரீட்சைக்கு முந்தின வாரம் பஸ்ஸில் கூட்டம் இல்லாத நேரத்தில் அண்ணாச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசினார். "அன்னைக்கு உங்க அப்பா அடிச்சாராமே. அந்தப் பிள்ள பிரியா எங்கிட்ட சொல்லத்தான் செஞ்சா. என் கையப் புடிச்சு இழுத்தா, கத்துனா. செக்கர் முன்னாடி நிக்காரு, நான்தான் நிப்பாட்டல்ல. அது மனசுல கெடந்து அறுக்குது." நான் பரவாயில்லை அண்ணாச்சி என்றேன். ஆக, அவள் சொன்னது நிஜம் என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகுதான் செய்தேன்.

அப்படியானால் எதற்கு என்கிறீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்துக் கத்தியும் நிற்காத பஸ், நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் நிற்கிறது. அண்ணாச்சி அதைச் சொன்ன நிமிஷத்தில்தான் எனக்கு அது உறைத்தது. ரேங்க் வாங்கப் போகிறவளால் ஆகாத ஒன்று என்னால் ஆகும். அது எவ்வளவு தூரம் ஆகும் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இலஞ்சி மண்டபத்தில் அவளுக்குக் கல்யாணம். தோழியாக நான்தான் பக்கத்தில் இருந்தேன், வேறு யாரும் வேண்டாம் என்று அவளே கேட்டாள். சேலை மடிப்பு எடுத்துவிட்டேன். அழுது மை கரைந்தபோது துடைத்துவிட்டு மறுபடி போட்டுவிட்டேன். மாப்பிள்ளை முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் விரலைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டு ஓடிவிடுவாளோ என்று அவள் அம்மா பயந்தாள், நான் ஓட விடவில்லை.

நீங்கள் இரண்டு தடவை ஆள் அனுப்பியும் நான் ஏன் வரவில்லை என்று முதலில் கேட்டீர்களே. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து நான் இவ்வளவையும் சொன்னால் சாயங்காலமே முத்துச்செல்வம் மாமாவுக்குத் தெரிந்துவிடும். பந்தலைப் பிரித்துப் போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு காலேஜுக்குப் போய்விடுவார், அவர் அப்படிப்பட்ட மனிதர். அதனால்தான் முதல் தடவையும் வரவில்லை, இரண்டாம் தடவையும் வரவில்லை. தாலி ஏறட்டும் என்று காத்திருந்தேன்.